லென்ஸுக்கு மேலே ஒரு பொட்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

ஜவுளிக்கடை விளம்பரப் பிரிவை மூடி இன்றோடு இரண்டு மாதம். இருபத்தாறு வருடம் அங்கே ஆடித் தள்ளுபடி போஸ்டரும் பட்டுப்புடவை விளம்பரமும் வடிவமைத்தவன் நான். ஐம்பத்தொரு வயதில் பாளையங்கோட்டையில் கடை கடையாக ஏறி வேலை கேட்க மனசில்லை. மகள் உமையாள் புனேயிலிருந்து ஒரு யோசனை சொன்னாள். வெளிநாட்டில் வீட்டிலேயே சோப்பு, ஜாம் செய்து விற்கிறவர்கள் நிறைய இருக்கிறார்களாம். அவர்களுக்கு இங்கிருந்தே லேபிள் செய்து கொடுக்கலாமாம்.

மெயில் எழுதினால் யாரும் படிப்பதில்லை. அவரவரைப் பார்த்து நேரில் பேசுகிற மாதிரி ஆளுக்கொரு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். இணைய வகுப்பு நடத்தும் பெங்களூர் மேடம் ஒருத்தர் இதற்கு விதிகள் வைத்திருக்கிறார். முதல் மூன்று விநாடிக்குள் அவர் பெயரைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, அவரிடம் நாம் மட்டும் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாவது, நோகாமல் ஒரு குறை. கடைசியில், அடுத்து அவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு முடிக்க வேண்டும். எல்லாம் ஒன்றரை நிமிடத்துக்குள். திரையைப் பார்க்கவே கூடாது, லென்ஸைத்தான் பார்க்க வேண்டும்.

லென்ஸ் கடுகளவு இருக்கிறது. கண் அதில் நிற்காமல் வழுக்குகிறது. குளியலறைக் கண்ணாடி ஓரத்தில் வீட்டுக்காரி ஒட்டி வைத்திருக்கும் ஸ்டிக்கர் பொட்டுகளில் ஒன்றை எடுத்து லென்ஸுக்கு மேலே ஒட்டினேன். மெரூன் நிறம். நன்றாகத் தெரிகிறது.

"என் பொட்ட எதுக்கு அதுல ஒட்டியிருக்கிய?"

"அதப் பாத்துத்தான் பேசணும்."

"அதப் பாத்தா?" என்று கேட்டுவிட்டு ஒரு மாதிரியாகச் சிரித்தாள். எதற்கு என்று விளங்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

முதல் வீடியோ அனுப்பியாயிற்று. வேல்ஸ் நாட்டில் சோப்பு செய்கிற பெண். பெயர் ப்ரான்வென். வாயில் நுழையாத பெயர். காலையிலிருந்து அறைக்குள் நடந்தபடி நாற்பது தடவையாவது சொல்லிப் பழகினேன். "யாரு அது?" என்று அவள் எட்டிப் பார்த்தாள். தொழில் என்றேன்.

பதினேழு முறை எடுக்க வேண்டியதாயிற்று. நான்காவதில் குக்கர் விசில். ஒன்பதாவதில் மீன்காரர். பன்னிரண்டாவது பிரமாதமாக வந்தது, ஆனால் "ஏதோ கூப்பிட்டியளா?" என்று அவள் உள்ளே வந்துவிட்டாள். பதினேழாவதில் எல்லாம் கூடிவந்தது. லாவெண்டர் சோப்பு உறையில் உள்ள தேனீக்கு இடது இறக்கை கொஞ்சம் சின்னது, நீங்களே கையால் வரைந்தது போலிருக்கிறது, தயவுசெய்து அதைத் திருத்தாதீர்கள் என்று சொன்னேன். குறை: எடையைச் சொல்லும் எழுத்து மடிப்பில் விழுகிறது.

அனுப்புமுன் லிங்கை அவள் போனுக்குத் தட்டிவிட்டுத் திறக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவள் போனில் திறந்தால் உலகத்தில் எந்தப் போனிலும் திறக்கும், அவ்வளவு பழசு.

முழுதும் பார்த்தாள். "திறக்குது."

"சத்தம்?"

"நல்லா கேக்கு." பிறகு, "அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் ஆயிட்டா?" என்றாள்.

"சோப்புக்கு லேபிள் போடப் போறேன்ட்டி, சம்பந்தமா பேசப் போறேன்?"

ஆகஸ்ட் 9, சனி

பதில் இல்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து ஜாம்காரர் ஒருவருக்கும் அனுப்பினேன். பதில் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வீடியோ அனுப்பும் செயலியில் எந்த ஊரில் எத்தனை தடவை பார்த்தார்கள் என்று காட்டும் பக்கம் ஒன்று இருப்பதை இன்றுதான் கண்டுபிடித்தேன். வேல்ஸ்: பூஜ்யம். ப்ரான்வென் திறக்கவே இல்லை. பெர்த்: ஒன்று, அதுவும் பதினோராவது விநாடியில் ஓடிவிட்டார்.

திருநெல்வேலி: ஏழு.

நான் போட்டுப் பார்க்கவில்லை. என் மூஞ்சியை நானே பார்க்க எனக்குக் கூச்சம். சோதனைக்கு அவள் பார்த்தது ஒன்று. மீதி ஆறு யார்? இணையத்தில் ரோபோக்கள் இப்படித் திரியும் என்று உமையாள் எப்போதோ சொன்னாள். ரோபோவாகத்தான் இருக்கும். எதற்கு சோப்புக்காரி வீடியோவையே சுற்றிச் சுற்றி வருகிறது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் அவள் கண்ணாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். "சொட்டு மருந்து ஊத்துவாங்களாம். கூட ஒரு ஆளு வரணுமாம்."

இன்றைக்கு மூன்று வீடியோ எடுப்பதாகத் திட்டம். வெளிச்சம் பதினொரு மணி வரைதான் அறைக்குள் நன்றாக விழும். மாடிவீட்டு எஸ்தர் டீச்சர் ஓய்வு பெற்றுச் சும்மாதான் இருக்கிறார், அவரைக் கூட்டிப் போகச் சொன்னேன். அவரோடு போனாள். மத்தியானம் வந்து கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நானே ரசத்தைச் சுட வைத்துச் சாப்பிட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மூன்று வீடியோவும் முடிந்தது. வழக்கம்போல மூன்றையும் அவள் போனுக்கு அனுப்பி வைத்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பெர்த் ஜாம்காரர் பதில் போடாவிட்டாலும் அவர் கடைப் பக்கத்தைத் தினமும் பார்க்கிறேன். இன்று லேபிள் ஓரக் கோட்டின் பச்சை நேற்றைவிட ஒரு சாயல் கூடியிருக்கிறது. உலகத்தில் வேறு யாரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. திருட்டுப்பயல், நான் சொன்ன குறையைச் சரிசெய்துவிட்டான்!

அந்த நேரம் பார்த்து அவள் கையில் பேப்பரோடு வாசல்படியில் வந்து நின்றாள். இப்போதெல்லாம் இரங்கல் விளம்பரத்தின் பொடி எழுத்தைக்கூட வாசிக்கிறாள்.

"எதாவது தெரியுதா?" என்றாள்.

"வெளிச்சம் மறைக்கு. தள்ளி நில்லுட்டி."

தள்ளி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால் ஆளைக் காணவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

திருநெல்வேலி: முப்பத்தொன்று. உலகம் முழுவதும் மற்றவர்கள் பார்த்ததைக் கூட்டினால் ஒன்பது. இந்த ரோபோவுக்கு லேபிள் தேவைப்பட்டால் நான் இந்நேரம் பெரிய ஆள்.

சாப்பிடும்போது அவள் கேட்டாள். "தேனீக்கு ஒரு றெக்க சின்னதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சிய?"

"பாத்தேன்."

"சும்மா பாத்தா தெரிஞ்சிருமா?"

"உத்துப் பாத்தா எல்லாம் தெரியும்."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே பிடித்தபடி நின்றாள். "வீடியோல நீங்க வேற ஆளு மாதிரி இருக்கிய."

"லைட்டு அப்படி."

"லைட்டு இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்புறம் மோர் கேட்டேன், வரவில்லை. என்ன கோபம் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து சொன்னால்தானே.

ஆகஸ்ட் 25, திங்கள்

அவள் தென்காசிக்குப் போயிருக்கிறாள். அவள் அக்காவுக்கு முட்டுவலி, கூடமாட ஒத்தாசைக்கு ஆள் வேண்டுமாம். ஒரு வாரம்தான். நல்லதாயிற்று, குக்கர் சத்தம் இல்லாமல் வீடியோ எடுக்கலாம்.

பெரிய பையை எடுத்துப் போயிருக்கிறாள். ஒரு வாரத்துக்குப் பெரிய பை எதற்கு?

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை இல்லை. கடையில் வாங்கிய இட்லியைப் பிள்ளையாருக்குக் காட்டிவிட்டு நானே தின்றேன். அவருக்கும் வருத்தம்தான்.

ஆகஸ்ட் 30, சனி

இன்று ஒரு விசித்திரம். திருநெல்வேலி எண்ணிக்கை திங்கட்கிழமையோடு நின்றுவிட்டது. பட்டியலில் புதிதாக ஓர் ஊர் முளைத்திருக்கிறது.

தென்காசி: எட்டு.

சோப்பு வீடியோ ஐந்து தடவை, ஜாம் மூன்று. ரோபோ எதற்குத் தென்காசிக்குப் போகிறது? குற்றாலச் சாரலுக்கா? செயலிக்காரர்களுக்குப் புகார் எழுதினேன், ஊர்க்கணக்கு தாறுமாறாக இருக்கிறது என்று. உங்கள் கருத்துக்கு நன்றி என்று உடனே பதில் வந்தது. இந்த மாதத்தில் எனக்கு வந்த முதல் பதில் அதுதான்.

செப்டம்பர் 3, புதன்

இரண்டாவது பதில்! தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் மிளகாய்ச் சட்னி விற்கும் தபோ என்பவர். "என் பாட்டிலை இவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை" என்று எழுதியிருக்கிறார். பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை காலை பதினொன்றரைக்கு, நம் நேரப்படி, வீடியோ காலில் பேசலாமா என்று கேட்டிருக்கிறார். உடனே சரி என்று எழுதினேன்.

"ஏட்டி!" என்று அடுக்களையைப் பார்த்துக் கத்தினேன். பிறகுதான் ஞாபகம் வந்தது.

போன் செய்து சொன்னேன். "நல்லதுங்க" என்றாள். "எப்ப வார?" என்றேன். "அக்காவுக்கு இன்னும் சரியாவல" என்றாள். சரி, ஒரு வாரம் என்றால் பத்து நாள் ஆவது உலக வழக்கம்.

பொட்டில் பசை போய்விட்டது. கண்ணாடி ஓரத்திலிருந்து இன்னொன்று எடுத்தேன். முன்பு ஐந்தாறு இருந்தன. இப்போது இரண்டுதான். புதிதாக ஒட்ட ஆள் இல்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

உமையாள் பேசினாள். டர்பன் விஷயம் சொன்னேன், குதித்தாள். கூடவே தென்காசி ரோபோவைப் பற்றியும் சொன்னேன். இதுவரை இருபத்தாறு.

"அப்பா, லிங்க யாருக்கெல்லாம் அனுப்புனிய?"

"அந்தந்த ஆளுக்கு. சோதனைக்கு உங்கம்மாவுக்கு."



"அம்மா இப்ப எங்க இருக்கா?"

"தெரியாத மாதிரி கேக்க? தென்காசி."

"அப்பா" என்றாள். மறுபடியும் "அப்பா" என்றாள்.

"எதுக்கு?" என்றேன். "இருபத்திநாலு வருசமா நேர்ல பாக்க மூஞ்சிதான? இதுல போயி என்னத்தப் பாக்கா?"

"நேர்ல நீங்க அப்படிப் பேசுவியளா, அப்பா?"

கேள்வி விளங்கவில்லை. சார்ஜ் போகப்போகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். சார்ஜ் இருந்தது.

மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு சோப்பு வீடியோவை முதல் தடவையாகப் போட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு மனுஷன் சிரித்த முகமாக, குரலைத் தாழ்த்தி, ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அவள் வரைந்த தேனீயை நினைத்து அவன் கண் கலங்குகிறது. அந்தப் பெண் இன்றுவரை அதைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

அவளுக்கு ஒரு வீடியோ எடுப்பது என்று முடிவு செய்தேன். தெரிந்த தொழில்தானே. ஒன்றரை நிமிட வேலை.

முதல் விதி, பெயர். லென்ஸைப் பார்த்ததும் "ஏட்டி" என்றுதான் வந்தது. நிறுத்தினேன். இரண்டாவது முறை "உமையா அம்மா" என்றேன். அதுவும் அவள் பெயர் இல்லை.

எங்கள் கலியாணப் பத்திரிகையை வடிவமைத்தது நான்தான். அவள் பெயர் நீளம். ஒரே வரியில் அடங்கவேண்டும் என்று எழுத்தின் அளவை அரைப் பாயின்ட் குறைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆக, அந்தப் பெயரை எழுதியிருக்கிறேன், நடுவில் நிறுத்தியிருக்கிறேன், வண்ணம் கொடுத்திருக்கிறேன். வாயால் சொன்னதில்லை. யார் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? எங்கள் அப்பா கூப்பிட்டாரா?

குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். அறைக்குள் நடந்தபடி சொல்லிப் பழகினேன். ப்ரான்வென்னுக்கு நாற்பது தடவை பழகினவனுக்கு இதற்கு எத்தனை ஆயிற்று என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது விதி. அவளிடம் நான் மட்டும் கவனித்த ஒன்று.

மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். நன்றாகச் சமைப்பாள் என்று சொல்லலாம். அதை எஸ்தர் டீச்சரே சொல்வார். பொறுமைசாலி. அது எல்லாப் பெண்டாட்டியையும் சொல்வது. அவளுக்குப் பிடித்த நிறம்? மெரூன் பொட்டு வைப்பாள், அதையும் லென்ஸுக்காகத்தான் பார்த்தேன். ஜாம்காரன் கோட்டில் ஒரு சாயல் பச்சை கூடினால் கண்டுபிடிக்கிறவன், ஒரு முகத்தில் ஒன்றைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். வெளிச்சம் போய்விட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

ஒரே தடவையில் எடுத்தேன். உள்ளதைச் சொன்னேன்.

"குழல்வாய்மொழி. நான்தான். இந்த வீடியோல ரெண்டாவதா ஒன்னப் பத்தி நான் கவனிச்சத சொல்லணும். எனக்கு ஒண்ணும் தெரியல. நேத்தெல்லாம் யோசிச்சேன். தெரியல. கொற சொல்லணும்னா அது எங்கிட்டதான் இருக்கு. ஒன்ன நான் பாக்கவே இல்ல போல."

மீதி நேரம் பொட்டைப் பார்த்தபடி சும்மா இருந்தேன். முடிவில் ஏதாவது கேட்க வேண்டும் என்பது விதி. வந்துவிடு என்று கேட்க எந்த முகத்தை வைத்துக்கொள்வது? கேட்காமலே அனுப்பினேன்.

பதினொரு மணி. தென்காசி: பூஜ்யம்.

மூன்று மணி. பூஜ்யம்.

நாலரை. ஒன்று.

ஆறு மணி. ஒன்று. மற்ற வீடியோவை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் இதை ஒரு தடவையோடு நிறுத்திவிட்டாள். அது நல்லதா கெட்டதா என்று யாரிடம் கேட்பது?

செப்டம்பர் 12, வெள்ளி

அவளிடமிருந்து ஒரு வீடியோ வந்திருக்கிறது. அவள் அக்கா வீட்டு அடுக்களையில், போனை எதிலோ சாய்த்து வைத்து எடுத்தது. பாதி நேரம் நெற்றி வெட்டுப்பட்டுப் போகிறது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"வணக்கம், பிரம்மநாயகம்." இங்கே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். புருஷன் பெயரைச் சொல்லிவிட்டோமே என்று அக்கம்பக்கம் பார்க்கிறாள். "ஒங்க வீடியோவப் பாத்தேன். ஒரு விசயம் கவனிச்சேன். அந்த நீலச் சட்டையில மேலருந்து மூணாவது பித்தான் வேற பித்தான். அது நான் வச்சுத் தச்சது. நாலு வருசமாச்சு. கொற என்னன்னா, பின்னால கதவு வழியா அடுப்பு தெரியுது, பால் பொங்கி வழிஞ்சு காஞ்சு கெடக்கு. தொடைக்கல." சிரிப்பு இல்லை இப்போது. "திங்கக்கிழம பதினோரு மணிக்கு இங்க கண் டாக்டர்ட்ட போணும். சக்கர கண்ணுல எறங்கியிருக்கான்னு பாக்கணும்னு அன்னைக்குப் போன கண்ணாஸ்பத்திரியிலயே சொன்னாங்க. மறுபடி சொட்டு மருந்து ஊத்துவாங்க. மூணு மணிநேரம் ஒண்ணும் தெரியாது. அக்காவுக்குப் படி ஏற முடியல. கூட ஒரு ஆளு வேணும். வாறியளா? நன்றி, வணக்கம்."

இன்றும் அதே நீலச் சட்டைதான், குனிந்து பார்த்தேன். ஆமாம், வேறு பித்தான்தான்.

நான்காவது தடவை பார்க்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் கண்ணாடி போட்டிருக்கிறாள். கறுப்பு ஃப்ரேம். மாடிக்கு ஓடி எஸ்தர் டீச்சரிடம் கேட்டேன். "அது அன்னைக்கு ஆசுபத்திரிக்குப் போனப்ப வாங்குனதுதான், தம்பி. வாசிக்கதுக்கு. ஒங்கள்ட்ட வந்து காட்டப்போறேன்னு சொன்னாளே, காட்டலையா?"

காட்டினாள். வாசல்படியில் நின்று காட்டினாள். நான்தான் வெளிச்சம் மறைக்கிறது என்றேன்.

செப்டம்பர் 13, சனி

தபோவுக்கு எழுதினேன், திங்கட்கிழமை முடியாது, செவ்வாய் பேசலாமா என்று. காரணம் என்ன எழுதுவது என்று தெரியாமல், ஒருத்தருடன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எழுதினேன். அனுப்பிவிட்டுத் திருத்தினேன். என் மனைவியுடன் என்று இன்னொரு மெயில் போட்டேன். பதில் இல்லை. அடுப்பைத் துடைத்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

தென்காசி. கண் டாக்டர் வீட்டு மாடி, நீளப் பெஞ்சு. காத்திருக்கும் நேரத்தில் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன், வீட்டுக்குப் போய் நோட்டில் ஒட்ட வேண்டும். டர்பனிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. பதினொன்றரை தாண்டிவிட்டது.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவள் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். "குழல்" என்று ஆரம்பித்தேன், மீதி வரவில்லை. "மெதுவா சொல்லுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

சொட்டு மருந்து ஊற்றியாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"எல்லாம் மங்கலா இருக்கு" என்றாள். "பக்கத்துல இருக்கது நீங்கதான?"

"நான்தான்."

"என்ன எழுதுதிய?"

பேனாவை மூடினேன். திரும்பி அவளைப் பார்த்தேன். அவளுக்கு நான் பார்ப்பது தெரியாது, அதனால் கூச்சமில்லாமல் பார்க்க முடிந்தது. ரொம்ப நேரம் பார்த்தேன். இடது புருவத்தின் நடுவில் ஓர் அரிசி நீளத்துக்கு முடி இல்லை. பழைய வெட்டுத் தழும்பு. தைத்த தடம்கூட மெலிதாகத் தெரிகிறது.

"புருவத்துல என்ன காயம், குழல்வாய்மொழி?" என்று கேட்டேன். "எப்ப பட்டது?"

கையைத் தூக்கி அந்த இடத்தைச் சரியாகத் தொட்டாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சொட்டு மருந்தாகவும் இருக்கலாம்.

"கலியாணத்துக்கு முந்தி" என்றாள்.